ஃபிரிட்ஜுக்குள் ரேடியம் வளையல்

என் மாமா வீட்டு ஃபிரிட்ஜில் தின்பதற்கு ஒன்றும் இருக்காது. கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து மாமாவோடு பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, உச்சி வெயிலில் நடந்து, தொண்டை வறண்டு போய் ஓடிச்சென்று அதன் கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் பாட்டில் இல்லை, மோர் இல்லை, ஒரு தக்காளிகூட இல்லை. மேல் தட்டு முழுக்க வளையல் குழாய்கள். நடுத்தட்டில் தலைப்பட்டைகளும் விளையாட்டு மூக்குக் கண்ணாடிகளும். காய்கறிப் பெட்டிக்குள் நீள நீளமான குச்சிகள். முட்டை வைக்கும் குழிகளில் வரிசையாக மோதிரங்கள். எல்லாம் பளபளவென்ற காகிதத்தில் சுற்றி, உள்ளே நிம்மதியாகக் குளிர்ந்துகொண்டிருந்தன.

"தண்ணி பானையில இருக்குது பாப்பா. அதைத் தொறக்காத, சூடு உள்ள பூந்துடும்" என்றார் மாமா.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு விழா எதுவானாலும் பாட்டுப் பெட்டியும் கலர் லைட்டும் புகை மெஷினும் கொண்டுபோய் வைத்து, கூட்டத்தை ஆட வைப்பது அவருடைய தொழில். அதிலே புதிதாகச் சேர்ந்ததுதான் இந்த ரேடியம் சாமான்கள். இருட்டில் மினுங்குவது எதுவாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு ரேடியம் என்றுதான் பெயர். வளையலை வளைத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குழல் 'டக்' என்று உடையும், இரண்டு மருந்துகள் கலக்கும், வெளிச்சம் வந்துவிடும். ஒரு ராத்திரி எரியும். பிறகு வெறும் பிளாஸ்டிக்.

"ஒடிக்கிற வரைக்கும்தான் இதுக்கு உசுரு. ஒடிச்சிட்டா நிறுத்த முடியாது. அதனால ஜில்லுனு வெச்சிக்கினு இருக்கணும்" என்று மாமா எனக்கு விளக்கினார். நான்காம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய பெட்டியை முழுதாகக் கொடுத்துப் பாதுகாக்கிறார் என்றால் அதற்குள் இருப்பது எவ்வளவு ஒசத்தியான பொருளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் அங்கே அனுப்பப்பட்டதற்குக் காரணம், வீட்டில் எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப் போவது. அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள், அப்பா அவள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நடுவில் நான் ஒரு இடைஞ்சல். "மாமா வூட்டுக்குப் போய் இரு, அத்தை வந்து பாத்துக்கும்" என்று சொல்லி அனுப்பினாள் அம்மா. அத்தை அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அத்தை கோபித்துக்கொண்டு திருவெண்ணெய்நல்லூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பிள்ளை வந்து தனியாக இருக்கிறது என்று தெரிந்தால், அதற்காகவாவது அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்று அம்மாவும் மாமாவும் போனில் பேசி வைத்திருந்தார்கள். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை வரும் என்பது மட்டும்தான்.

அத்தையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் தலையை அவள்தான் பின்னுவாள். வலிக்காமல் சிக்கெடுக்கத் தெரிந்த ஒரே ஆள். அவளுக்குக் குழந்தை இல்லை. மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது என்னை வெளியே விளையாடப் போகச் சொல்வார்கள்.

அந்த மாதம் முழுக்க முகூர்த்தம். மாமா சாயந்தரம் ஐந்து மணிக்கு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த அம்மா நல்லவர். ஆனால் ஐந்தரைக்குத் தொடங்கி அவருக்கு வரிசையாக சீரியல். நடுவில் விளம்பரம் வரும்போது மாடிப்படியில் நின்று "பாப்பா, இருக்கிறியா?" என்று குரல் கொடுப்பார். "இருக்கிறேன்" என்பேன். நான் இருப்பதை உறுதி செய்துகொண்டு மறுபடியும் உள்ளே போய்விடுவார்.

தெருவில் என் வயதுப் பிள்ளைகள் யாரும் இல்லை. பக்கத்தில் மல்லாட்டை மண்டி, நிலக்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் இடம். பகலில் அங்கே மூட்டை தூக்கும் சத்தம், ஆட்கள் சண்டை போடும் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து மணிக்கு மேல் ஷட்டரை இழுத்து மூடிவிட்டால் தெருவே செத்துப்போகும். வீட்டில் சத்தம் போடுவது அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான். கொஞ்ச நேரம் உறுமும், பிறகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். அது நிற்கிற நேரம்தான் எனக்கு அழுகை வரும். அம்மா இனிமேல் என்னைக் கூப்பிடவே மாட்டாளோ, புதுக் குழந்தையோடு நின்றுவிடுவாளோ என்றெல்லாம் தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

மாமாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஒரு நாள் கிளம்பும்போது ஒரு பச்சை வளையலை எடுத்து, தானே ஒடித்து, என் கையில் போட்டுவிட்டார். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததால் அது அழுதுவடிந்தது. "உள்ளங்கையில வெச்சித் தேய், சூடு ஏறினா பளிச்சினு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேய்த்தேன், வந்தது. விளக்கை அணைத்துவிட்டு அந்த வளையலோடு நடு வீட்டில் ஆடினேன். நானே பாடினேன், நானே கை தட்டினேன். நான் தூங்கும்போது வளையல் வீணாக எரிந்து தீர்ந்துவிடக் கூடாதே என்று, மாமா சொன்ன விஞ்ஞானத்தை வைத்து யோசித்து, அதை ஐஸ் வைக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் சாயந்தரம் எடுத்துத் தேய்த்தால், கொஞ்சம் மங்கலாக, ஆனால் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மாமா போனதும் எடுப்பேன், கண் சொருகும்போது உள்ளே வைப்பேன். ஒன்று முழுதாகச் செத்தால் மாமா இன்னொன்று தருவார்.

வீட்டுக்காரம்மா இந்த ஏற்பாட்டையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். மாவு அரைத்தால் மறுநாளே பொங்கிப் புளித்துவிடும், பால் திரிந்துவிடும், குடிக்கும் தண்ணீர் வெந்நீராக இருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் ராத்திரி பகலாக ஓடும்.

"ஏம்பா, மனுசன் குடிக்கத் தண்ணி வெக்க எடமில்ல, வளையலுக்கு ஏசி கேக்குதா?" என்று ஒரு நாள் மாமாவைக் கேட்டார்.

"கெமிக்கல்க்கா. வெளிய வெச்சா வீணாப் பூடும்."

"நல்லா இருக்குது போ. அதை வாங்கியாந்தவ வந்து பாத்தா தெரியும்."

அந்த ஃபிரிட்ஜ் அத்தையினுடையது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் சீராகக் கொடுத்தது. சிவப்பு நிறம், கதவில் பூப்போட்ட படம், பிடிக்கு அத்தை பின்னிப் போட்ட நூல் உறை. கட்டில், பீரோ, அண்டா, மிக்சி, கிரைண்டர் எல்லாமே அவள் கொண்டுவந்தவைதான். மாமாவுக்கென்று இருந்தவை பாட்டுப் பெட்டிகளும் ஒரு நாற்காலியும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு போன பெண் ஒரு வருஷம்கூட அம்மா வீட்டில் இருக்கலாம், சீர் சாமானில் ஒன்றாவது புருஷன் வீட்டில் இருக்கும்வரை அது வெறும் கோபம்தான். வண்டி வந்து சாமானை ஏற்றிவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சமாதானம் பேச ஒருத்தரும் வாசற்படி ஏறமாட்டார்கள்.

"அத்தை எப்ப வரும்?" என்று நான் வீட்டுக்காரம்மாவை நச்சரித்தபோது அவர் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். "சாமான் செட்டெல்லாம் இங்கதான இருக்குது? வந்துடும் பாரு. வராதவளா இருந்தா மொதல்ல இதெல்லாம் எடுத்துக்கினு போயிருப்பா."

அது எனக்கு நல்ல தெம்பைக் கொடுத்தது. ராத்திரி பயம் வந்தால் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

ஒரு சனிக்கிழமை மாமா புதிதாக இரண்டு அட்டைப்பெட்டி ரேடியம் வாங்கி வந்தார். அவ்வளவும் ஃபிரிட்ஜுக்குள் போகாது என்று எனக்கே தெரிந்தது. மாமா விடவில்லை. தட்டுகளைக் கழற்றி மாட்டி, சந்து பொந்தெல்லாம் செருகி, கடைசியில் முழங்காலால் கதவை அமுக்கி மூடினார். ஒரு பாக்கெட் வெளியே வைத்தால்தான் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுகூட வெளிய இருக்கக்கூடாது பாப்பா" என்றார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, "நாளைக்கி அத்தை வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தது கோழி கூவுவதற்கு முன்பு. குளித்து, நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் பின்னாமல் விட்டேன், அத்தைக்காக. மாமா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வாசலிலேயே நின்றோம்.

அத்தை வந்தாள். பஸ்ஸில் வரவில்லை. குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியின் முன்பக்கத்தில், தன் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பின்னால் இரண்டு ஆட்கள் கயிற்றோடு நின்றிருந்தார்கள். அத்தை இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நான் வந்திருப்பதை அவளிடம் யாரோ சொல்லத் தவறியிருக்கிறார்கள், அல்லது சொல்லி அவள் நம்பவில்லை.

அவளுடைய அண்ணன் முரட்டு ஆள் இல்லை. கரும்பு வெட்டுக்குப் போகிறவர், கூச்ச சுபாவம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தப்பு செய்தவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆட்களுக்குக் கை காட்டினார். கட்டில் போயிற்று. பீரோ போயிற்று. அண்டாவுக்குள் சின்னப் பாத்திரங்களைப் போட்டுத் தூக்கினார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்தேன். எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, வேறு வீட்டுக்குக் குடிபோகிறோமோ என்றுகூட நினைத்தேன். ஆட்கள் ஃபிரிட்ஜின் பக்கம் திரும்பியபோதுதான் வீட்டுக்காரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

மாமா போய் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றார்.

"மச்சான், மத்ததெல்லாம் எடுத்துக்கங்க. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும். தொழில் சாமான் உள்ள இருக்குது. இந்த வெயில்ல வெளிய வெச்சா அத்தனையும் வீணாப் பூடும். முகூர்த்தம் முடியட்டும், நானே ஏத்தி அனுப்பறேன்."

கதவைத் திறந்து காட்டினார். இரண்டு பாக்கெட்டுகள் தரையில் விழுந்தன. நான் ஓடிப்போய் எடுத்து உள்ளே செருகினேன். "கெட்டுப்போயிடும் மாமா" என்று அத்தையின் அண்ணனிடம் நானும் சொன்னேன். அவர் தங்கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? வேணும்னா ஒரு மாசம் போவட்டும். பெரிய சாமான்தான, அப்பறமா வந்துகூட எடுத்துக்கலாம்."

அத்தை ஃபிரிட்ஜின் பக்கத்தில் வந்தாள். நூல் உறை போட்ட பிடியில் கை வைத்தபடி உள்ளே நெருக்கியடித்துக் கிடந்தவற்றை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதடு லேசாக நெளிந்தது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவள் இருந்துவிடுவாள் போலத்தான் இருந்தது. மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மூச்சு விடாமல் நின்றார்.

அவள் ஏதோ யோசனையில், கை போன போக்கில், ஐஸ் பெட்டியின் சின்னக் கதவையும் திறந்தாள். அதற்குள் என்னுடைய வளையல் கிடந்தது. மங்கலான பச்சை வெளிச்சம், மேலே பனி பூத்திருந்தது.

"இது இன்னாது? ஒடிச்சதை ஏன் உள்ள வெச்சிருக்குது?"

"என்னுது அத்தை!" என்று பெருமையோடு முன்னால் வந்தேன். "மாமா சாயந்தரம் வேலைக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்குவேன். லைட்டை நிறுத்திட்டு நானே பாடி நானே ஆடுவேன். தூக்கம் வந்தா உள்ள வெச்சிடுவேன். அப்பதான் மறுநாளைக்கும் வரும்."

அத்தை அதைக் கையில் எடுத்தாள். பனி உருகி அவள் விரல் வழியாகச் சொட்டியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள்.

"இவளையும் இப்பிடித்தான் வுட்டுட்டுப் போறீங்களா?"

"மாடியில அக்கா இருக்குது" என்றார் மாமா.

"எனக்கும் அந்த அக்காதான் இருந்துது" என்றாள் அத்தை.

பிறகு அண்ணனிடம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "எடுத்துக்கலாம்ணா. இதெல்லாம் வெளிய வெச்சா ஒண்ணும் ஆவாது. போன கோடை பூரா கட்டிலுக்குக் கீழதான் கெடந்துது. நான்தான் எண்ணி எண்ணி எடுத்துக் குடுப்பேன்."

மாமா ஒதுங்கி நின்றார். அத்தை யாரையும் தொட விடவில்லை. தரையில் போர்வையை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாக்கெட்டாகத் தானே எடுத்து, எதுவும் வளைந்துவிடாமல், நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஃபிரிட்ஜ் வேண்டும் என்பதற்காக இப்படிப் பொய் சொல்கிறாளே என்று நினைத்தேன். எல்லாம் முடிந்ததும் என்னைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் உட்கார வைத்தாள். சீப்பு பீரோவோடு போய்விட்டிருந்தது. விரலாலேயே சிக்கெடுத்துப் பின்னினாள். அன்றைக்கும் வலிக்கவில்லை. "எண்ணெய் வெச்சிக்க கண்ணு" என்று மட்டும் சொன்னாள். வண்டி திரும்பும்போது சிவப்பு ஃபிரிட்ஜ் கயிற்றுக்குள் மல்லாந்து கிடந்தது. பாட்டுப் பெட்டிகளும் நாற்காலியும் ரேடியம் குவியலும் போக, வீட்டில் நானும் மாமாவும் மிச்சம்.

அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் பரோட்டா வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் இருந்த மூலைக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியம் வீணாகப் போகிறதே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன். அதனால் நான் அவற்றைக் காப்பாற்றுவதில் இறங்கினேன். பெட்டிகளில் அடுக்கி, வெயில் படாத மூலைக்கு நகர்த்தி, பகலில் விசிறியால் விசிறினேன். மாமா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாற்றம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சாயந்தரம்கூட அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. எந்த ஊர் விழாவாக இருந்தாலும் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொள்வார். பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யாராவது கேட்டால், "அக்கா பொண்ணு" என்று சொல்லி என் தலையில் கை வைப்பார்.

கோடை முடியும் சமயம், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. ஃபிரிட்ஜ் போன பிறகு ரேடியம் கேட்ட முதல் விழா அதுதான். காலையிலிருந்தே நான் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தேன். அத்தனை நாள் வெக்கையில் கிடந்தவை எரியாமல் போனால் கூட்டத்தின் முன்னால் மாமாவுக்கு அவமானம். கேக் வெட்டியதும் மண்டப விளக்குகளை அணைத்தார்கள். நான் பிள்ளைகளுக்கு நடுவில் ஓடி ஓடிக் கொடுத்தேன், எப்படி ஒடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். டக், டக், டக் என்று நாலா பக்கமும் கேட்டது.

எல்லாம் எரிந்தன. பச்சை, மஞ்சள், நீலம், ரோஸ், ஒன்று விடாமல். உள்ளங்கையில் தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை, ஒடித்த நொடியே பளிச்சென்று வந்தது. ஃபிரிட்ஜில் இருந்தபோதுகூட இவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, ஒண்ணுகூட வீணாப் போவல!"

அவர் பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த வளையல்களின் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. அந்த முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா? அப்பறம் எதுக்கு மாமா ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தீங்க?"

மாமா குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார். பாட்டு உயர்ந்தது, தரை அதிர்ந்தது. "போ, போய் ஆடு" என்று என்னைக் கூட்டத்தின் பக்கம் தள்ளிவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் ஆடப் போய்விட்டேன்.